தூக்குமா, தானே ஓடுமா? பேலட் ட்ரக் ஏற்றுமதியில் முதலில் பார்க்க வேண்டியது

கேள்வி: கோவையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். 12 ஹேண்ட் பேலட் ட்ரக், 20 சாதாரண ட்ராலி, ஒரு பேட்டரி ஸ்டாக்கர் (சரக்கை உயரத்தில் அடுக்கும் வண்டி) எல்லாம் தூத்துக்குடி வழியாகத் துபாய்க்கு எல்சிஎல்லில், அதாவது கன்டெய்னரை மற்றவர்களோடு பகிர்ந்து, போக வேண்டும். எல்லாவற்றுக்கும் 8427 என்றே எச்எஸ் கோடு (சுங்கத்துக்கான பொருள் வகை எண்) போடலாமா? எப்படி பேக் செய்வது?

பதில்: போடக்கூடாது. ஒவ்வொரு வண்டியிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: சரக்கைத் தூக்குகிறதா? மோட்டாரில் தானே ஓடுகிறதா? தூக்காமல் கையால் தள்ளும் ட்ராலி 8716.80. பம்ப் அடித்துத் தூக்கும் ஹேண்ட் பேலட் ட்ரக் 8427.90. ஸ்டாக்கரில்தான் பலர் தவறுகிறார்கள். பேட்டரி இருப்பதாலேயே அது 8427.10 ஆகிவிடாது. ஓட்டமும் மோட்டாரில் இருந்தால்தான் அந்தக் கோடு. தூக்குவது மட்டும் பேட்டரியில், தள்ளுவது கையால் என்றால் அதுவும் 8427.90தான். இன்வாய்ஸில் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

அடுத்தது கப்பல் வாடகை. எல்சிஎல்லில் ஒரு கன மீட்டர் அல்லது 1000 கிலோ, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். பேலட் ட்ரக்கின் எடை 75 கிலோ அளவுதான், ஆனால் கைப்பிடி நிமிர்ந்திருந்தால் 1.55 × 0.70 × 1.25 மீட்டர், அதாவது சுமார் 1.36 கன மீட்டர் இடம் பிடிக்கும். கைப்பிடியைக் கழற்றி உயரத்தை அரை மீட்டருக்குள் கொண்டுவந்தால் 0.55கூட வராது. 12 வண்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், சின்னப் பட்டறைக்கு இது பெரிய பணம். கழற்றிய போல்ட், பின், செயின் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அந்தந்த வண்டியிலேயே கட்டிவிடுங்கள். ஃபோர்க்கை (தூக்கும் கரங்களை) முழுக்க இறக்கி, பம்ப் நிமிர்ந்த நிலையில் வையுங்கள். சாய்த்தால் ஆயில் கசியும், காற்றும் புகும்.

பெட்டிக்குள் எடை சக்கரத்தில் நிற்கக்கூடாது. சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) அடியில் மரக்கட்டை கொடுத்து, சக்கரம் கீழே தொடாமல் லேசாக உயர்ந்திருக்கட்டும். ஸ்டாக்கரின் மாஸ்ட் (ஃபோர்க் ஏறி இறங்கும் நிமிர்ந்த தூண்) மேல்கனமானது. அதன் சேசிஸை ஸ்கிட்டில் (பெட்டியின் அடிப்பலகையில்) போல்ட் போட்டு இறுக்குங்கள். பெல்ட்டை மாஸ்ட் மேலும் ஹோஸ் (ஆயில் குழாய்) மேலும் இழுத்துக் கட்டாதீர்கள். என் ஆரம்ப காலத்தில் ஒரு ஸ்டாக்கரை அப்படிக் கட்டி அனுப்பி, போய்ச் சேர்ந்தபோது ஹோஸ் நசுங்கியிருந்தது. கடல்காற்றில் துரு வராமலிருக்க விசிஐ ஃபிலிம் (துருவைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாள்) சுற்றி, ஈரம் உறிஞ்ச சிலிகா ஜெல் போடுங்கள்.

மரம் பச்சையாக இருக்கக்கூடாது. ஐஎஸ்பிஎம் 15 என்ற, மரப் பேக்கிங்கில் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதிப்படி நடுமரம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி, முத்திரை குத்தியதாக வாங்குங்கள். முழுக்க பிளைவுட் பெட்டி என்றால் இந்த விதி இல்லை. ஆனால் அடியில் சட்டம் மரமாக இருந்தால் அதற்கு முத்திரை வேண்டும்.

அப்புறம், பேட்டரி. ஆபத்தான சரக்குக்கு யுஎன் எண் என்று ஒன்று உண்டு. தானே ஓடும் ஸ்டாக்கரில் ஆசிட் பேட்டரி இருந்தால் யுஎன் 3171, லித்தியம் அயான் என்றால் யுஎன் 3556. ஆசிட் பேட்டரியைக் கழற்றித் தனியாக அனுப்பினால் அது யுஎன் 2794 ஆகிவிடும். எப்படியானாலும் ஒயரைக் கழற்றி, டெர்மினலுக்கு மூடி போட்டு, புக்கிங்குக்கு முன்பே ஃபார்வர்டரிடம் (சரக்கை அனுப்பித் தரும் ஏஜென்டிடம்) சொல்லிவிடுங்கள். சரக்கு ஷெட்டுக்குப் போனபின் சொன்னால் அந்த ஒரு பெட்டியால் மற்ற 32 வண்டிகளும் நிற்கும்.