தாய்மாமாவுக்குக் கொடுத்த அட்வான்ஸ் போதும்

கேள்வி: கோவை சாய்பாபா காலனியில், மரங்கள் அடர்ந்த தெருவில், என் அம்மாவின் அப்பா 1971-ல் இடம் வாங்கிக் கட்டிய நாலு சென்ட் வீடு இருக்கிறது. தாத்தா 2009-லும் பாட்டி 2016-லும் காலமானார்கள். உயில் இல்லை. அங்கே குடியிருக்கும் தாய்மாமா 1.2 கோடிக்கு எனக்கே தருவதாகச் சொல்கிறார். "வெளியாள் கேட்கிறான்" என்று சொல்லிச் சொல்லி இதுவரை 10 லட்சம் அட்வான்ஸ் வாங்கிவிட்டார். எல்லாம் 14% பர்சனல் லோன். அதில் 4 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன். இப்போது இன்னும் 5 லட்சம் கேட்கிறார். அம்மாவுக்கும் கனடாவில் உள்ள சித்திக்கும் கல்யாணத்தில் நகை போட்டாயிற்று, அவர்களுக்குப் பங்கு கிடையாது என்கிறார். நான் ஒரே மகள். எங்கள் இருவர் சம்பளம் கைக்கு 1.35 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 25 லட்சம். 90 லட்சம் வீட்டுக் கடன் வாங்கலாமா? ஃபண்டை மொத்தமாக விற்காமல் எஸ்.டபிள்யூ.பி (மாதாமாதம் ஒரு தொகை மட்டும் எடுக்கும் முறை) போட்டு இ.எம்.ஐ கட்டலாம் என்று யூடியூபில் சொல்கிறார்களே?
– வாசகி, கோவை

பதில்: முதலில், அந்த 5 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். வீட்டுக் கடனை விட உங்களைக் கெடுப்பது, மாமா கேட்கும்போதெல்லாம் எழுத்து எதுவும் இல்லாமல் கடன் வாங்கிக் கொடுக்கும் பழக்கம்.

உங்கள் அம்மாவின் சொத்துக்கும் சேர்த்து மாமாவிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உயில் எழுதாமல் இறந்த இந்து ஒருவரின் சுயசம்பாத்திய வீடு மனைவிக்கும், மகன், மகள்களுக்கும் சமமாகப் போகும். பாட்டியின் பங்கும் பிறகு அதே மூவருக்கு வந்துவிட்டது. ஆக ஆளுக்கு மூன்றில் ஒன்று. கல்யாணத்தில் எத்தனை பவுன் போட்டிருந்தாலும் அது மாறாது. பங்கை விட்டுக்கொடுத்து அவர்கள் எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருந்தால்தான் மாறும். அப்படி ஒன்று இருக்கிறதா என்று மாமாவிடம் நேராகவே கேளுங்கள். இல்லையென்றால், அவர் தனியாகக் கையெழுத்துப் போட்டு உங்களுக்குத் தரக்கூடியது 40 லட்சம் பெறுமானம் மட்டுமே. அதில் கால்வாசியை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள்.

இப்போதைய திட்டத்தின் கணக்கு: 90 லட்சத்துக்கு 8.5% வட்டியில் 20 வருடத்துக்கு இ.எம்.ஐ சுமார் 78,000. பர்சனல் லோனுக்கு 23,000. இரண்டும் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. மிஞ்சுவது 34,000. இன்னும் 5 லட்சம் வாங்கினால் 22,000-தான். இதில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 10.8 லட்சத்துக்கு இன்னும் வழி சொல்லவில்லை. அதற்கு வீட்டுக் கடனும் கிடைக்காது.

அம்மா மனமுவந்து தன் பங்கை உங்களுக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்தால் கணக்கே வேறு. அதற்கு முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. விலை கொடுத்து வாங்குவது மீதி 80 லட்சம், அதற்கு 9% என்றால் 7.2 லட்சம். மொத்தம் 87.7 லட்சத்தில் மாமா வாங்கிய 10 லட்சத்தைக் கழியுங்கள். ஃபண்டிலிருந்து 17 லட்சம் எடுத்தால் கடன் 60 லட்சத்துக்குச் சற்று மேல், இ.எம்.ஐ 53,000 போல வரும். மிச்ச 8 லட்சம் ரிப்பேருக்கு.

சித்தி விஷயத்தில்தான் பலர் மாட்டுவார்கள். மாமாவுக்குக் கொடுக்கும்போது 1% டி.டி.எஸ் (நீங்களே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) போதும். சித்தி வெளிநாட்டுவாசி என்பதால் அவருடைய 40 லட்சத்தில் 12.5%, அதன்மேல் 4% செஸ், ஆக 13% பிடிக்க வேண்டும்: 5.2 லட்சம். லாபத்தில் அல்ல, முழுத் தொகையில். குறைத்துப் பிடிக்க வேண்டுமானால் சித்தி முன்கூட்டியே வருமான வரித் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். நீங்கள் குறைவாகப் பிடித்தால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். அவரால் நேரில் வர முடியாவிட்டால் இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்ற பவர் (தனக்காக வேறொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பட்டும். அது இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பவர் மாமா பெயரில் வேண்டாம்.

காகிதங்களில் கவனிக்க வேண்டியவை: தாத்தாவுக்கும் பாட்டிக்கும் தனித்தனி வாரிசுச் சான்றிதழ்; 1971 தாய்ப் பத்திரத்தின் அசல், ஜெராக்ஸ் செல்லாது. அசலைக் காட்டத் தயங்கினால் எங்கோ அடமானத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்று 1971 வரைக்கும் ஆன்லைனில் கிடைக்காமல் போகலாம். கிடைக்காத வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். பிறகு மூவரும் கையெழுத்திட்ட கிரைய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 முதல் இதைப் பதிவு செய்வது கட்டாயம். கொடுத்த 10 லட்சமும் தேதிவாரியாக அதில் ஏறட்டும். சொத்துக்காக ரொக்கமாக 20,000 அல்லது அதற்கு மேல் வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. அந்த 4 லட்சத்தை என்ன செய்வது என்று கேட்க, ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் மாமாவை அழைத்துப் போங்கள்.

கட்டடத்துக்கு விலை போடாதீர்கள், இடத்துக்கு மட்டும் போடுங்கள். ஐம்பது வருட வீட்டில் கான்கிரீட் கம்பி துருப்பிடித்து மேல்தளம் உதிரும், இரும்புக் குழாய் அடைத்திருக்கும், வயரிங்கில் எர்த் இருக்காது. நீங்கள் ஆசைப்படும் மரத்தின் வேர் செப்டிக் டேங்கையும் காம்பவுண்டையும் பிளந்திருக்கிறதா என்று ஒரு இன்ஜினியரை வைத்துப் பாருங்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டடத்தின் மீதி ஆயுளைப் பார்ப்பார். அது குறைவாகத் தெரிந்தால் 20 வருடத் தவணை 12, 15 என்று சுருங்கி இ.எம்.ஐ ஏறும். ஒப்பந்தத்துக்கு முன்பே இதை வங்கியில் கேட்டுவிடுங்கள்.

எஸ்.டபிள்யூ.பி யோசனையை விடுங்கள். ஃபண்டைத் தொடாவிட்டால் கடனும் இ.எம்.ஐ-யும் கூடும். மாதம் 53,000 மட்டும் எடுத்தால்கூட வருடத்துக்கு 6.36 லட்சம், 25 லட்சத்தில் அது கால்வாசி. சந்தை ஏறினாலும் ஐந்தாறு வருடத்தில் காலி, கடன் இன்னும் பதினாலு வருடம் நிற்கும்.

மாமா அந்த வீட்டிலேயே குடியிருப்பதால் அவர் பங்கில் கடைசி 5 லட்சத்தை, வீட்டைக் காலி செய்து சாவி கொடுக்கும் நாளில் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.