பட்டுப்போன கன்றைத் தோண்டிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் சென்ற ஆண்டு எல்லோரும் கூடி மரக்கன்றுகள் நட்டோம். நாள்தோறும் தண்ணீர் ஊற்றியும் பாதிக்கு மேல் பட்டுப்போய்விட்டன. மீண்டும் நட இருக்கிறோம், எங்கே தவறினோம்?

பதில்: பட்டுப்போன கன்றுகளில் ஒன்றிரண்டை மெல்லத் தோண்டி எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். வேர்கள் மண்ணில் பரவாமல், நாற்றுப் பையின் வடிவத்திலேயே கம்பிச்சுருள் போலச் சுற்றிக் கிடந்தால், பையில் நெடுநாள் நின்ற கன்றை அப்படியே குழியில் இறக்கியிருக்கிறீர்கள் என்று பொருள். (பையைக் கிழிக்காமலே நட்டவர்களும் உண்டு, புகைப்படத்துக்கு நிற்கும் அவசரம்!) பையை முழுவதுமாக அகற்றி, சுருண்ட வேர்களை விரலால் பிரித்துவிட்டு, பிரியாதவற்றைக் கூரிய கத்தியால் நறுக்கிவிட்டே நட வேண்டும். அடித்தண்டின் பட்டை கறுத்து அழுகியிருந்தால், கன்று அளவுக்கு மீறிய ஆழத்தில் புதைந்திருக்கலாம். தண்டு வேராக விரியும் இடம் தரைமட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நாள்தோறும் தண்டின் அடியில் ஒரு செம்பு நீர் ஊற்றினால் மேல்மண் மட்டுமே நனையும். வேரும் மேலேயே தங்கிவிட்டு முதல் கோடையில் காய்ந்துவிடும். தொடக்கத்தில் சில வாரங்கள் அடிக்கடியும், பிறகு இடைவெளி விட்டும், வேர் பரவும் வட்டம் முழுவதும் ஆழமாக ஊறும்படி நிதானமாக நீர் விடுங்கள். தண்டைத் தொடாமல் 5 முதல் 10 செ.மீ. உயரத்துக்குச் சருகு மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும்.

இனி, கணக்கு. நிழலையும், இலைவழி நீர் ஆவியாவதால் வரும் குளிர்ச்சியையும் கிளை விரித்து நிற்கும் மரம்தான் தரும். நட்ட எண்ணிக்கை தராது. 1977இல் கென்யாவில் வங்காரி மாத்தாய் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம், கன்று வளர்த்த பெண்களுக்கு, பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சிறு தொகை வழங்கியது. 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீங்களும் எந்தக் கன்றுக்கு எந்த வீட்டார் பொறுப்பு என்று எழுதி வைத்து, மூன்று ஆண்டுகள் கணக்குப் பாருங்கள். பொறுப்பேற்க ஆளில்லாத கன்றை நடவே வேண்டாம்.

கேள்வி: விரைவில் வளரும் ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டால் அழகாக இருக்கும் என்று உறுப்பினர் சிலர் கூறுகின்றனர். அது சரியா?

பதில்: அழகுதான், நோய் வரும்வரை. எல்ம் மரங்களை வரிசையாக நட்டிருந்த வட அமெரிக்க நகரங்கள் பலவற்றில், 20ஆம் நூற்றாண்டில் பரவிய டச்சு எல்ம் நோய் தெருத் தெருவாக மரங்களை அழித்தது. ஓர் ஊரின் மரங்களில் எந்த ஒரு வகையும் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று மரவியலாளர் பிராங்க் சாண்டமோர் 1990இல் முன்வைத்த விதி நகரங்களுக்கானது. முப்பது கன்றுகள் நடும் சங்கத்துக்கு ஆறேழு வகைகள் போதும். விரைந்து வளர்பவற்றில் பல மென்கட்டை மரங்கள், காற்றில் கிளை முறிபவை. அவற்றை வீட்டுச் சுவருக்கும் மின்கம்பிக்கும் தள்ளியே நடுங்கள்.