சித்திரை வெயிலில் தக்காளிப் பூ உதிர்கிறது: மகரந்தம் எங்கே கெடுகிறது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் சொட்டுநீரில் ஒட்டு ரகத் தக்காளி போட்டிருக்கிறேன். நட்டு 45 நாள். கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. ஆனால் சித்திரை பிறந்ததிலிருந்து பூவெல்லாம் காம்பின் கணுவோடு ஒடிந்து விழுகிறது. டானிக் இரண்டு முறை அடித்தும் பிஞ்சு நிற்கவில்லை. பூவில் மகரந்தமே இல்லையோ?

பதில்: இல்லாமலும் இருக்கலாம். காலை 9 முதல் 11 மணிக்குள், நன்றாக விரிந்த பூவைக் கறுப்புத் தாளின்மேல் பிடித்துச் சுண்டிப் பாருங்கள். மஞ்சள் தூள் கொட்டினால் மகரந்தம் இருக்கிறது, அது பூவின் பெண்பாகத்தின் நுனியான சூலகமுடியில் சேரவில்லை. ஒன்றும் விழாவிட்டால் வெப்பம் அதை மொட்டிலேயே கெடுத்துவிட்டது. மெல்லிய பூச்சிகள் ஊர்ந்தால் இலைப்பேன். அதற்கான வைத்தியமே வேறு.

பூவின் நடுவே மஞ்சள் கூம்பு தெரிகிறதல்லவா, அது ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் மகரந்தப்பைகள். ஒவ்வொரு பையிலும் நான்கு அறைகள். அறைக்குள் இருக்கும் தாய்செல் ஒவ்வொன்றும் பகுந்து நான்கு மகரந்தத் துகள்களாகிறது. அறையின் உட்சுவரில் டபீட்டம் என்ற ஊட்டத்திசு இருக்கிறது. துகள்களுக்குச் சர்க்கரையும் மேலுறைக்கான பொருளும் கொடுப்பது அதுதான். இந்த வேலை பூ விரிவதற்கு 8 முதல் 13 நாள் முன்பே, மொட்டு சிறிதாக இருக்கும்போதே நடந்துவிடும். அந்தச் சமயத்தில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24-க்குக் கீழே இறங்காவிட்டால் டபீட்டம் முறையாக ஊட்டாது, துகள்கள் பட்டினியில் சுருங்கிவிடும். விரிந்த பூவுக்கு டானிக் அடித்துப் பலனில்லாமல் போனது இதனால்தான். இன்று உதிரும் பூ, பத்து நாள் முந்தைய வெயிலில் கெட்டது.

இன்னொரு கோளாறும் வரும். பைகள் உட்புறமாகப் பிளந்து கூம்புக்குள்ளேதான் தூளைக் கொட்டும். கடும் வெயிலில் சூலகத்தண்டு நீண்டு, சூலகமுடி கூம்புக்கு வெளியே நீட்டிக்கொள்ளும். மகரந்தம் நன்றாக இருந்தாலும் அதன்மேல் விழாது.

செடியைப் பிடுங்க வேண்டாம். கோடை மழை பெய்து இரவு குளிர்ந்தால், அதன்பின் உருவாகும் மொட்டுகள் பிடிக்கும். அதுவரை மண் காயாமல் தினமும் காலையில் சொட்டுநீர் விடுங்கள், ஒரேயடியாகப் பாய்ச்சாதீர்கள். யூரியாவை நிறுத்துங்கள், தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் கொழுக்கும். 35 சத நிழல்வலை கட்ட வசதியிருந்தால் இப்போதே கட்டுங்கள், மொட்டுகளையாவது காப்பாற்றலாம். துகளிலிருந்து சூலை நோக்கி நீளும் மகரந்தக் குழல் வளரப் போரான் என்ற நுண்ணூட்டச்சத்து தேவை. 20 சத போரான் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கலந்து மாலையில் ஒருமுறை தெளித்தால் போதும். அளவு கூடினால் இலை விளிம்பு கருகும்.

தூள் கொட்டுகிற செடிகளில், ஒருநாள் விட்டு ஒருநாள், அதே காலை நேரத்தில் கட்டுக் கம்பியைத் தட்டி அதிரவிடுங்கள். தக்காளிக்குத் தேவை அதிர்வுதான். சாதாரணத் தேனீக்கு அப்படிப் பூவை அதிரவைக்கத் தெரியாது. நீலப்பட்டைத் தேனீயும் மரம் துளைக்கும் பெரிய கருந்தேனீயும் செய்யும். காலையில் பூச்சிமருந்து அடித்தால் அவையும் வராது.

அடுத்த கோடையில், முதல் பூக்கள் நட்ட 30, 35 நாளில் வரும் என்று கணக்கிட்டு, பங்குனி வெயில் ஏறுவதற்குள் காய் பிடிக்கும்படி தை மாதத்திலேயே நட்டுவிடுங்கள்.