அரிவாள் செல் நோயுள்ள குழந்தைகள் ஏன் இளம் வயதிலேயே இறக்கிறார்கள்? நம் டெல்டாவில் இந்நோய் உண்டா?

கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் இந்நோயுடன் பிறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குள் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. நோய் கண்டறியப்படாமலே போவதுதான் இதற்கு முதன்மைக் காரணம் என்பேன். அரிவாள் வடிவில் வளைந்த சிவப்பணுக்கள், இரத்தத்திலுள்ள கிருமிகளை வடிகட்டும் மண்ணீரலைச் சிதைத்துவிடுவதால், நிமோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் பரவி, சில சமயம் ஒரே நாளுக்குள் உயிரைப் பறித்துவிடுகிறது. பிறந்ததும் இரத்தப் பரிசோதனை செய்து, இரண்டு மூன்று மாத வயதிலிருந்தே பெனிசிலின் (விலை மலிவான மருந்துதான்) கொடுத்தால் பெருமளவு தடுக்கலாம். அமெரிக்காவில் 1986இல் வெளியான ஆய்வில் இத்தொற்று 84 சதவீதம் குறைந்தது.

தமிழகத்தில் இந்நோய் முக்கியமாக நீலகிரிப் பழங்குடியினரிடையே, 1952 முதல் அறியப்பட்டுள்ளது, டெல்டாவில் அரிது. இந்நோயும் சோகையை (இரத்தக் குறைவை) உண்டாக்கும் என்றாலும், இங்குள்ள குழந்தைகளின் சோகைக்குப் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவே காரணம். இரும்புச்சத்து மருந்துக்கும் சோகை மாறாமல், கைகால் விரல்கள் வலியோடு வீங்கினால், மருத்துவரிடம் ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரசிஸ் (ஹீமோகுளோபினின் வகையைக் கண்டறிந்து இந்நோயைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பற்றிக் கேளுங்கள்.