தடுப்பூசி சேமிப்பில் வீரியம் இழக்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

தடுப்பூசித் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்களுக்குப் போடப்படும் குப்பியை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அதே தொகுதியின் வேறு குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருந்து, சில மாதங்களுக்கு ஒருமுறை சிலவற்றை எடுத்துச் சோதிப்போம். தட்டம்மை போன்ற உயிருள்ள வைரஸ் தடுப்பூசி என்றால், மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, வளர்த்த செல்களின் மேல் இட்டு, எந்த அளவு வரை தொற்று ஏற்படுகிறது என்று பார்ப்போம். செயலிழக்கச் செய்த கிருமியென்றால், ஆன்டிஜென், அதாவது நம் உடலின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காணும் கிருமிப் பகுதி, எவ்வளவு இருக்கிறது என்று அளப்போம். சிலவற்றுக்கு இன்னமும் விலங்குச் சோதனைதான். காலாவதி தேதி இப்படித்தான் முடிவாகிறது.

வெப்பச் சோதனையும் உண்டு. உலர்நிலைத் தட்டம்மைத் தடுப்பூசியை 37 டிகிரியில் 7 நாள் வைத்தாலும், ஒரு டோஸில் குறைந்தது 1000 தொற்று அலகுகள் மிஞ்ச வேண்டும். இதில் தேறியது என்பதற்காக மாதக்கணக்கான சோதனையைக் கைவிட முடியாது.

குப்பியின் மேல் இருக்கும் வண்ணக்காட்டியை, 1996இல் போலியோ சொட்டு மருந்தில் முதலில் வந்ததை, பலர் முழுவதுமாக நம்புகிறார்கள். உள்ளே இருக்கும் சதுரம் வெளிவட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்தை எறிய வேண்டும். ஆனால் அது காட்டுவது பட்ட வெப்பத்தை மட்டுமே. உறைந்ததா என்று அதற்குத் தெரியாது. என் கவலையெல்லாம் இதில்தான். "ஜில்லென்று இருந்தால் நல்லது" என்று ஐஸ் கட்டியோடு ஒட்டிவைப்பவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அலுமினிய உப்பு சேர்ந்த ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் போன்ற தடுப்பூசிகள் உறைந்தால் அந்த உப்புத் துகள்கள் திரண்டு கட்டியாகிவிடும். பிறகு உருக்கினாலும் பழைய வீரியம் திரும்பாது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே கெட்டியாக உறையவைத்து, உருகவிடுங்கள். அதையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில் பிடித்துக் குலுக்கி, அருகருகே மேசையில் வையுங்கள். உறைந்ததில் துகள்கள் விறுவிறுவென்று அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். நல்லது நெடுநேரம் வெண்மையாகக் கலங்கியே நிற்கும். சந்தேகக் குப்பியும் உறைந்ததன் வேகத்திலேயே படிந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. பனிக்கட்டியாக உறைந்திருப்பதை நேரிலேயே பார்த்துவிட்டால் இந்தச் சோதனை கூடத் தேவையில்லை, அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.