கோதுமைக்குத் தொழு உரம் மட்டும் போதுமா?

கேள்வி: கிருஷ்ணகிரிப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறது. ஐப்பசியில் சம்பா கோதுமை விதைக்கப் போகிறோம். மாட்டு எரு நிறையக் கிடைக்கிறது. அது மட்டும் போதுமா, யூரியாவும் போட வேண்டுமா?

பதில்: நல்ல மகசூல்தான் நோக்கம் என்றால் இரண்டும் வேண்டும். குளிர் நாடுகளில் பனிக்கடியில் மாதக்கணக்கில் கிடந்து விளையும் கோதுமை வேறு. நம் ஊர்ப் பயிர் ஏறக்குறைய 100 நாளில் முடிந்துவிடும். மக்கிய எருவில் தழைச்சத்து, அதாவது யூரியா தரும் நைட்ரஜன், அரை சதவீதம்தான். ஏக்கருக்கு 5 டன் போட்டால் 25 கிலோ வரும். அதிலும் முதல் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குக்குள்தான். மார்கழிக் குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாக வேலை செய்வதால் அதுவும் மெல்லத்தான் வரும்.

பயிரோ காத்திருக்காது. விதைத்த 20 நாள் வாக்கில் தண்டின் அடியிலிருந்து இரண்டாவது வேர்க்கூட்டம் கிளம்பும். தூர் கட்டுவதும், அதாவது பக்கத் தண்டுகள் வெடிப்பதும், அதையொட்டித்தான். அந்தச் சமயம் தண்ணீரும் தழைச்சத்தும் குறைந்தால் கதிர்களின் எண்ணிக்கை குறையும். பிறகு எவ்வளவு உரம் கொட்டினாலும் அதை ஈடுகட்ட முடியாது. இந்த ஒரு தண்ணீரை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள்.

தமிழ்நாட்டுக்கான பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம், அத்துடன் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து 80:40:40 கிலோ. உங்கள் ஒரு ஏக்கருக்குக் கணக்கிட்டால், கடைசி உழவுக்கு முன் 5 டன் எரு, விதைக்கும்போது மணிச்சத்தும் கொஞ்சம் தழைச்சத்தும் தரும் டிஏபி உரம் 35 கிலோ, யூரியா 21 கிலோ, சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் 27 கிலோ. 20ஆம் நாள் வாக்கில் மேலுரமாக யூரியா 35 கிலோ. செம்மண் என்பதால் முதலில் தண்ணீர் கட்டுங்கள். கால் புதையாத பதம் வந்ததும் யூரியாவைத் தூவி, களைக்கொத்தால் கிளறிவிடுங்கள். மேலாகவே கிடந்தால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

செலவைக் குறைக்க நினைத்தால் யூரியாவில் கை வைக்காமல் பொட்டாஷில் குறையுங்கள். 5 டன் எருவிலேயே சுமார் 25 கிலோ சாம்பல்சத்து இருக்கிறது. அது தழைச்சத்து போல இழுத்தடிக்காமல் சீக்கிரமே பயிருக்குக் கிடைக்கும். மண் பரிசோதனையில் சாம்பல்சத்து நடுத்தரமோ அதற்கு மேலோ என்று வந்தால் பொட்டாஷை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பச்சைச் சாணியையும் பாதி மக்கிய குப்பையையும் தயவுசெய்து போடாதீர்கள். வைக்கோல் கலந்த குப்பை மக்குவதற்காக மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும், இளம்பயிர் வெளுக்கும். கரையானும் களை விதையும் கூடவே வரும்.

இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை விதைத்து, எருவையும் ரசாயன உரத்தையும் ஒப்பிட்டு வருகிறார்கள். இன்றைய ரகங்கள் அங்கே எருவும் தழைச்சத்து உரமும் சேர்ந்த பாத்திகளில்தான் மிகச் சிறப்பாக விளைகின்றன. ஆனால் அங்கே எரு ஹெக்டேருக்கு 35 டன். அந்த அளவு நமக்கு வேண்டாம்.

பயிர் கரும்பச்சையாக இருக்கிறதே என்று இன்னொரு தடவை யூரியா போடும் ஆசை வரும். அது கூடாது. தழைச்சத்து மிஞ்சினால் பயிர் சாயும், இலையிலும் தண்டிலும் துரு நிறத்தில் பூசணம் படரும் துரு நோய்க்கும் வழிவிடும். நீலகிரியிலும் பழனி மலையிலும் துருப் பூசணம் ஆண்டு முழுக்கத் தங்குவதால், நம் பக்கம் இந்த எச்சரிக்கை கூடுதலாகவே வேண்டும்.