தொண்டைக் கம்மலுக்கு நெஞ்சில் ஸ்கேன் எதற்கு?

ஸ்கேனை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். 52 வயதில், 20 ஆண்டுப் புகைப்பழக்கத்தோடு, ஆறு வாரமாகக் குரல் கம்மியிருக்கும் உங்களிடம், இடது குரல்நாண் அசையவில்லை என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்ன பிறகும், தொண்டை நோய்க்கு நெஞ்சைப் படம் பிடிப்பது வீண் செலவு என்று நினைத்து இரண்டு வாரத்தைக் கடத்தியிருக்கிறீர்கள். நெஞ்சை ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கான விடை, நீங்கள் இணையத்தில் படித்துக் கலங்கி, எனக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கும் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: உடலை ஓர் அறிவு திட்டமிட்டுப் படைத்திருந்தால் இத்தனை கோணலான அமைப்புகள் எப்படி வந்தன?

அந்த விவாதத்தில் அடிக்கடி காட்டப்படும் நரம்புதான் உங்கள் குரல்நாணை அசைப்பது. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு குரல்வளையின் பக்கமாகவே போகிறது. அங்கேயே கிளைவிட்டிருந்தால் போதும். ஆனால் இடப்பக்கக் கிளை நெஞ்சுக்குள் போய், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் சுற்றிக்கொண்டு, மூச்சுக்குழலை ஒட்டி மறுபடியும் கழுத்துக்கு ஏறிவருகிறது. ஒட்டகச்சிவிங்கியில் இந்தச் சுற்றுவழி நான்கு மீட்டரைத் தாண்டும். மீனைப் பார்த்தால் காரணம் விளங்கும்: அதற்குக் கழுத்தில்லை, இதயம் செவுளுக்கு அருகில் இருக்கிறது, நரம்புக்கிளை செவுள் தமனிக்குப் பின்புறமாக நேரே போய்ச் சேர்கிறது. அந்த வழியில் வந்த உயிர்களுக்குக் கழுத்து நீண்டு இதயம் கீழே இறங்கியபோது, தமனியில் மாட்டிய நரம்பும் தலைமுறை தலைமுறையாக இழுபட்டு நீண்டது. புதிதாக வரைபவர் எவரும் இப்படி வரைந்திருக்க மாட்டார் என்ற வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். சுற்றிவருவதில் ஏதோ அவசியம் இருக்கும் என்பவர்களுக்கு ஒரு செய்தி: நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களிடம் வலப்பக்க நரம்பு சுற்றாமல் நேராகவே போகிறது, அவர்கள் நம்மைப் போலவே பேசுகிறார்கள். சாமி கும்பிடுவதை விட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உறுப்புகள் தனித்தனியே திட்டமிடப்பட்டவை என்ற கூற்றைத்தான் இந்த நரம்பு மறுக்கிறது. அதற்குமேல் எதையும் அதை வைத்து நான் சொல்ல மாட்டேன்.

நெஞ்சுக்குள் போய்வருவதால்தான் அந்த நரம்பு அங்கே நசுங்குகிறது. இடது நுரையீரலில் வரும் கட்டி, அதன் வேரில் வீங்கிய நெறிக்கட்டு, புடைத்த பெருந்தமனி ஆகியவற்றின் முதல் அடையாளம் சில சமயம் குரல் கம்மல் மட்டுமே. இதயத்தின் இடப்பக்க வால்வான மைட்ரல் சுருங்கி இதயம் பெருத்தவர்களின் குரல் போவதை வியன்னாவில் மருத்துவர் ஆர்ட்னர் 1897-லேயே விவரித்தார். நீங்கள் கடிதத்தில் எழுதத் தயங்கிய சொல் புற்றுநோய். அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காரணமே அகப்படாமல் சில மாதங்களில் தானாக மீளும் நரம்புகளும் உண்டு. ஆனால் படம் பார்க்காமல் அந்த நம்பிக்கையை உங்களுக்குத் தர எனக்கு உரிமையில்லை. மூன்று வாரத்துக்குமேல் நீடிக்கும் கம்மலுக்குக் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும். நாண் அசையவில்லை என்றால் மண்டையோட்டின் அடியிலிருந்து பெருந்தமனி வளைவுக்குக் கீழ்வரை சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். எக்ஸ்ரே சரியாக இருந்தது என்பது போதாது.

உடலின் மற்றக் கோணல்களை நினைத்துக் கலங்க வேண்டாம். கண்ணின் குருட்டுப் புள்ளி, அதாவது நரம்பு வெளியேறுவதால் பார்வை பதியாத இடம், எல்லோருக்கும் உண்டு. ஆக்டோபஸுக்கு அது இல்லை என்பது உண்மை, அதனால் உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. வலிக்காத குடல்வாலையும் ஞானப்பல்லையும் விட்டுவிடுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி இரண்டு முறை விழுங்கிய ஆன்டிபயாட்டிக் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. நசுங்கிய நரம்பை அது என்ன செய்யும்? அதிமதுரம் தொண்டைக்கு இதமாக இருக்கும், நெஞ்சுக்குள் இருக்கும் தடையை நீக்காது.

தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அசையாத நாண் மூச்சுக்குழலைச் சரியாக மூடாததால் வருவது அது. ஸ்கேனோடு போகும்போது மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். அதுவரை தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு சிறு மிடறாகக் குடியுங்கள்.